வேகம், தொலைவு, காலம்: கணக்குகளை அணுகும் முறை

ஒரு பொருள் ஓர் அலகு காலத்தில் கடக்கும் தொலைவு அதன் வேகம் எனப்படும். வேகம், தொலைவு, காலம் ஆகிய மூன்றில் எவையேனும் இரண்டு தெரிந்தால் மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடலாம். இயக்கவியலின் முதல் படி இதுவே. பள்ளி அறிவியலில் அறிமுகமாகும் இப்பகுதி, மேல் வகுப்புகளில் முடுக்கம், இயக்கச் சமன்பாடுகள் என விரிகிறது. ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வுகளிலும் இதிலிருந்து கேள்விகள் வருகின்றன.

வேகம் = தொலைவு ÷ காலம்
தொலைவு = வேகம் × காலம்
காலம் = தொலைவு ÷ வேகம்

மூன்று வரிகளும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. ஒரு முக்கோணத்தின் மேலே தொலைவையும் கீழே வேகத்தையும் காலத்தையும் எழுதி, வேண்டியதை விரலால் மறைத்து விடை காணும் முறையைப் பல மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் தேர்வில் மதிப்பெண் போவது சூத்திரம் மறந்துபோவதால் அல்ல. எந்தக் காலம், எந்தத் தொலைவு என்று பார்க்காமல் எண்களை முக்கோணத்துக்குள் போட்டுவிடுவதால்தான் போகிறது. பெரும்பாலான தவறுகள் காலத்தைக் கடைசியில் பார்ப்பதால் வருபவை. காலத்தை முதலில் கணக்கிட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் இக்கணக்குகளில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இக்கட்டுரை அந்தப் பழக்கத்தையே விளக்குகிறது.

எடுத்துக்காட்டுகளுக்குத் தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தில் உள்ள கெங்குவார்பட்டியும் அதன் சுற்றுப்புறமும் வசதியானவை. வத்தலக்குண்டுக்கும் பெரியகுளத்துக்கும் இடைப்பட்ட இப்பேரூராட்சி பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. சமவெளியில் திண்டுக்கல்–குமுளி நெடுஞ்சாலை, அருகே காட்ரோட்டிலிருந்து ஏறும் கொடைக்கானல் மலைச்சாலை, மலையில் எலிவால் அருவி, தெற்கே தேனி வழியாகப் போகும் ரயில் பாதை என்று பாடப்புத்தகம் கேட்கும் எல்லா வகை இயக்கமும் இங்கே உண்டு.

நாழிகை வழி

தொலைவைக் காலத்தால் சொல்வது தமிழர்களுக்குப் பழைய வழக்கம். ஒரு நாள் 60 நாழிகை. ஆகவே ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தூரத்துக்கு ‘நாழிகை வழி’ என்று பெயர் இருந்தது. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பவர் 24 நிமிடத்தில் 2 கி.மீ. போவார். நடையின் வேகம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றாக இருந்த காலத்தில் நேரத்தைச் சொன்னாலே தூரம் விளங்கிவிட்டது. இன்றும் ஊருக்கு வழி கேட்டால் “பஸ்ஸில் அரை மணி நேரம்” என்றுதான் பதில் வருகிறது. சொல்பவர் மனத்தில் ஒரு வேகத்தை வைத்துக்கொண்டு வகுத்தலை முடித்துவிட்டே சொல்கிறார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘ஒளியாண்டு’ என்ற சொல்லில் ஆண்டு இருப்பதால் அதைக் கால அளவு என்று எண்ணிவிடுகிறார்கள். அது ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு, சுமார் 9.46 லட்சம் கோடி கி.மீ. நாழிகை வழியின் அதே இலக்கணம்தான்.

அலகு மாற்றம்

சாலையில் வேகத்தைக் கி.மீ./மணி என்று சொல்கிறோம். இயற்பியலில் மீட்டர்/விநாடி வேண்டும். 1 கி.மீ. என்பது 1000 மீட்டர், 1 மணி என்பது 3600 விநாடி. எனவே 1 கி.மீ./மணி = 1000/3600 = 5/18 மீ/வி. கி.மீ./மணியை மீ/வி ஆக்க 5/18 ஆல் பெருக்க வேண்டும். திருப்ப 18/5 ஆல் பெருக்க வேண்டும்.

எதை எப்போது பெருக்குவது என்று குழம்பினால் நடையை நினைத்துக்கொள்வது போதும். மணிக்கு 5 கி.மீ. நடப்பவர் ஒரு விநாடியில் ஒன்றரை மீட்டர்கூடக் கடப்பதில்லை. சரியாகச் சொன்னால் 1.39 மீட்டர். ஆகவே மீ/வி எண் எப்போதும் சிறியது. 36 கி.மீ./மணி = 10 மீ/வி, 72 கி.மீ./மணி = 20 மீ/வி என்ற இரண்டையும் நினைவில் வைத்திருந்தால் விடை சரியான அளவில் இருக்கிறதா என்று ஒரு நொடியில் பார்த்துவிடலாம்.

8.30 என்பது எட்டே அரைக்கால் அல்ல

அட்டவணைகளில் நேரத்தைப் புள்ளி வைத்து எழுதுவது நம் வழக்கம்: 8.30, 9.35. இந்தப் புள்ளி தசமப்புள்ளி அல்ல. மணிக்கு 60 நிமிடம். தசமத்தில் 100 பங்கு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் போவதே மிகுதியாகக் காணப்படும் தவறு.

மதுரை–போடிநாயக்கனூர் ரயில் பாதை 1928இல் திறக்கப்பட்ட மீட்டர்கேஜ் பாதை. அகலப் பாதையாக்கும் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 மே 27 அன்று மதுரைக்கும் தேனிக்கும் இடையே 75 கி.மீ. தொலைவுக்குப் பயணிகள் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. (தேனியிலிருந்து போடி வரையுள்ள மீதிப் பகுதி 2023 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது.) தொடக்க அட்டவணைப்படி காலை 8.30க்கு மதுரையில் புறப்படும் ரயில் 9.35க்குத் தேனி சேரும். மாலையில் தேனியிலிருந்து 6.15க்குப் புறப்பட்டு 7.35க்கு மதுரை சேரும்.

காலை ரயிலின் சராசரி வேகம் என்ன? 9.35இலிருந்து 8.30ஐக் கழித்தால் 1.05. இதை அப்படியே மணி என்று கொண்டு 75ஐ 1.05ஆல் வகுத்தால் 71.4 கி.மீ./மணி வரும். இது தவறு. பயண நேரம் 1 மணி 5 நிமிடம், அதாவது 65 நிமிடம்; மணியில் 65/60 = 13/12. எனவே

75 ÷ 13/12 = 75 × 12/13 = 69.2 கி.மீ./மணி.

தவறான விடையும் நம்பும்படியாகவே இருப்பதுதான் இதில் ஆபத்து. 171 என்று வந்திருந்தால் யாரும் ஐயப்படுவார்கள். 71 என்று வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நேரங்களைக் கழிக்கும்போது முழுவதையும் நிமிடமாக்கிக்கொண்டு, கடைசியில் 60ஆல் வகுத்துப் பின்னமாகவே வைத்திருப்பது பாதுகாப்பான வழி. 20 நிமிடத்தை 0.33 என்று எழுதுவதைவிட 1/3 என்று எழுதினால் கணக்கும் சுருங்கும், விடையும் துல்லியமாக வரும்.

மாலை ரயிலுக்கு 80 நிமிடம், அதாவது 4/3 மணி. வேகம் 75 × 3/4 = 56.25 கி.மீ./மணி.

இங்கே ‘சராசரி’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். இடையிலுள்ள நிலையங்களில் நிற்கும் நேரமும் அந்த 65 நிமிடத்தில் அடக்கம். ரயில் ஓடும்போது 69ஐவிட வேகமாகவே ஓடியிருக்கும். உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். சராசரி 10.44 மீ/வி, அதாவது சுமார் 37.6 கி.மீ./மணி. நின்ற நிலையிலிருந்து தொடங்கியவர் இடையில் அதைவிட வேகமாக ஓடாமல் அந்தச் சராசரி வந்திருக்க முடியாது. ஒரு குறிப்பிட்ட கணத்தில் உள்ள வேகம் வண்டியின் வேகமானியில் தெரிவது. சராசரி வேகமோ பயணம் முடிந்தபின் கணக்கில் வருவது.

சராசரி வேகம்: கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது

இந்தப் பாடத்தின் மையமே இதுதான்.

காட்ரோட்டிலிருந்து மலைமேல் ஓரிடம் வரை 40 கி.மீ. என்று கணக்கின் வசதிக்காகக் கொள்க. ஏறும்போது பேருந்தின் சராசரி வேகம் மணிக்கு 20 கி.மீ., இறங்கும்போது 30 கி.மீ. மொத்தப் பயணத்தின் சராசரி வேகம் என்ன?

உடனே வாயில் வரும் விடை 25. ஆனால் காலத்தைப் பார்க்கலாம். ஏற 40 ÷ 20 = 2 மணி. இறங்க 40 ÷ 30 = 1 மணி 20 நிமிடம். மொத்தம் 80 கி.மீ., 3 மணி 20 நிமிடம், அதாவது 10/3 மணி. சராசரி வேகம் 80 × 3/10 = 24 கி.மீ./மணி.

25 ஏன் வரவில்லை? பேருந்து 20 என்ற வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடியது. 30 என்ற வேகத்தில் அவ்வளவு நேரம் ஓடவில்லை. மெதுவான வேகத்துக்கே காலத்தில் கூடுதல் பங்கு. ஆகவே சராசரி மெதுவான வேகத்தின் பக்கம் சாய்கிறது. அதே பேருந்து 2 மணி நேரம் 20 வேகத்திலும் இன்னொரு 2 மணி நேரம் 30 வேகத்திலும் ஓடியிருந்தால் 40 + 60 = 100 கி.மீ., 4 மணி, சராசரி 25. அப்போது கூட்டி இரண்டால் வகுத்தது சரியே. சம காலமானால் சாதாரணச் சராசரி; சம தொலைவானால் அது பொருந்தாது. கேள்வியில் ‘பாதித் தூரம்’ என்றிருக்கிறதா, ‘பாதி நேரம்’ என்றிருக்கிறதா என்பதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டிய காரணம் இதுதான்.

சம தொலைவுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: இரு வேகங்களின் பெருக்கலை இரட்டித்து, அவற்றின் கூட்டலால் வகுக்க வேண்டும். 2 × 20 × 30 ÷ 50 = 24. கணிதத்தில் இது இசைச் சராசரி எனப்படும். குறுக்கு வழி தேர்வுக்கு உதவும். ஆனால் ஏறும் தொலைவும் இறங்கும் தொலைவும் வேறானால் கைவிட்டுவிடும். மொத்தத் தொலைவை மொத்தக் காலத்தால் வகுக்கும் வழி எங்கும் கைவிடாது.

மதுரை–தேனி ரயிலிலும் இதைச் சோதிக்கலாம். போக 69.2, வர 56.25. கூட்டி இரண்டால் வகுத்தால் 62.7. உண்மையில் 150 கி.மீ., 145 நிமிடம்; சராசரி 62.1. இரு வேகங்களும் நெருக்கமாக இருப்பதால் வேறுபாடு சிறிது. வேகங்கள் விலக விலகத் தவறு பெருகும்.

எவ்வளவு பெருகும் என்பதற்கு ஒரு பழைய புதிர் உண்டு. அதை மலைச்சாலையில் வைத்துச் சொன்னால்: பேருந்து 40 கி.மீ. மலையை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறிவிட்டது. ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் சேர்த்துச் சராசரி 40 கி.மீ./மணி வர வேண்டுமானால் இறங்கும் வேகம் என்ன இருக்க வேண்டும்?

60 என்று சொல்லத் தோன்றும். சிலர் 80 என்பார்கள். மொத்தம் 80 கி.மீ.; சராசரி 40 வர வேண்டுமானால் மொத்தப் பயணம் 2 மணி நேரத்தில் முடிய வேண்டும். ஏறுவதற்கே 2 மணி போய்விட்டது. இறங்க ஒரு விநாடிகூட மிச்சமில்லை. எந்த வேகத்தில் இறங்கினாலும் முடியாது. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1930களில் இதே வகைப் புதிரை ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கு எழுதி அனுப்பினார். கணக்கிட்டுப் பார்த்த பிறகே இறக்கத்துக்கு நேரம் மீதியில்லை என்பது தெரிந்தது என்று ஐன்ஸ்டைன் பதில் எழுதினார். ஆகவே முதல் பார்வையில் ஏமாந்த மாணவர் வெட்கப்பட வேண்டியதில்லை. காலத்தை எழுதிப் பார்த்தால் போதும்.

எதிரெதிரே வருதல், பின்தொடர்தல்

வத்தலக்குண்டுக்கும் பெரியகுளத்துக்கும் இடையே 30 கி.மீ. என்று கொள்க. காலை 7 மணிக்கு வத்தலக்குண்டிலிருந்து ஒரு பேருந்து 40 கி.மீ. வேகத்திலும், பெரியகுளத்திலிருந்து இன்னொன்று 50 கி.மீ. வேகத்திலும் எதிரெதிரே புறப்படுகின்றன. இடைவெளி ஒரு மணி நேரத்தில் 40 + 50 = 90 கி.மீ. குறைகிறது. 30 கி.மீ. குறைய 30/90 மணி, அதாவது 20 நிமிடம். 7.20க்கு இரண்டும் சந்திக்கும்; வத்தலக்குண்டிலிருந்து 40 × 1/3 = 13.3 கி.மீ. தொலைவில்.

ஒரே திசையில் போனால் வேகங்களைக் கழிக்க வேண்டும். பெரியகுளத்திலிருந்து மாம்பழம் ஏற்றிய லாரி 6.00 மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வத்தலக்குண்டு நோக்கிக் கிளம்புகிறது. மறந்துபோன ரசீதைக் கொடுக்க ஒருவர் 6.20க்கு இருசக்கர வண்டியில் 50 கி.மீ. வேகத்தில் பின்தொடர்கிறார். வத்தலக்குண்டு சேர்வதற்குள் லாரியைப் பிடிப்பாரா? அவர் கிளம்பும்போது லாரி 10 கி.மீ. முன்னே இருக்கிறது. இடைவெளி மணிக்கு 50 − 30 = 20 கி.மீ. வீதம் குறைகிறது. 10 கி.மீ. குறைய அரை மணி. 6.50க்கு, பெரியகுளத்திலிருந்து 25ஆவது கிலோமீட்டரில் பிடித்துவிடுவார். சரிபார்க்க: லாரி 50 நிமிடத்தில் 30 × 5/6 = 25 கி.மீ. விடை பொருந்துகிறது. இப்படி மற்றவர் பக்கத்திலிருந்தும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம்.

இந்தக் கூட்டல், கழித்தல் விதி புதிதன்று. கி.பி. 499ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணிதபாதத்தில், 31ஆம் பாடலிலேயே இது இருக்கிறது. எதிர்த்திசையில் செல்லும் இரண்டின் இடைவெளியை வேகங்களின் கூட்டலாலும், ஒரே திசையானால் வேறுபாட்டாலும் வகுத்தால் சந்திக்கும் காலம் கிடைக்கும் என்பது அதன் கருத்து. கோள்களின் சந்திப்பைக் கணிக்க அது தேவைப்பட்டது.

ரயிலின் நீளம்

பேருந்துக் கணக்குகளில் வண்டியின் நீளத்தை யாரும் பார்ப்பதில்லை. ரயிலில் பார்த்தே ஆக வேண்டும். எல்.எச்.பி. வகைப் பெட்டி ஒன்றின் நீளம் 23.54 மீட்டர், 12 பெட்டிகளும் ஓர் எஞ்சினும் சேர்ந்தால் சுமார் 300 மீட்டர். இந்த ரயில் 72 கி.மீ./மணி, அதாவது 20 மீ/வி வேகத்தில் போகிறது. கைகாட்டிக் கம்பத்தைக் கடக்க 300 ÷ 20 = 15 விநாடி. 400 மீட்டர் நீளமுள்ள நடைமேடையைக் கடக்க (300 + 400) ÷ 20 = 35 விநாடி. எஞ்சினின் முன்முனை நடைமேடையைத் தொட்டதிலிருந்து கடைசிப் பெட்டியின் பின்முனை வெளியேறும் வரை கணக்கு என்பதால்தான் இரு நீளங்களையும் கூட்டுகிறோம். படம் வரைந்து பார்த்தால் இது தானே விளங்கும்.

தொலைவும் இடப்பெயர்ச்சியும்

காட்ரோட்டில் கிளம்பிக் கொடைக்கானல் போய் மீண்டும் காட்ரோட்டுக்கே வந்த பேருந்தின் இடப்பெயர்ச்சி சுழியம். தொலைவு சுழியமல்ல, டீசல் செலவே சாட்சி. இடப்பெயர்ச்சியைக் காலத்தால் வகுத்தால் திசைவேகம். வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் கடந்த தொலைவு எப்போதும் நேர்கோட்டு இடப்பெயர்ச்சியைவிடப் பெரியது.

எலிவால் அருவி: வேகம் மாறிக்கொண்டே இருக்கும்போது

கொடைக்கானல் மலைச்சாலையில் டம்டம் பாறை அருகிலிருந்து பார்த்தால் எதிர்மலையில் வெள்ளைக் கோடாகத் தெரிவது தலையாறு அருவி. எலியின் வால்போல் மெலிந்து நீண்டிருப்பதால் எலிவால் அருவி என்றும் பெயர். உயரம் 297 மீட்டர். அதன் உச்சியிலிருந்து விழும் ஒரு பொருள் அடியை அடைய எவ்வளவு நேரமாகும்?

இங்கே வேகம் மாறாமல் இருப்பதில்லை. புவியீர்ப்பால் ஒவ்வொரு விநாடியும் 9.8 மீ/வி கூடிக்கொண்டே போகிறது. நிலையிலிருந்து விழும் பொருளுக்கு

தொலைவு = ½ × 9.8 × காலம் × காலம்.

297 = 4.9 × காலத்தின் வர்க்கம். காலத்தின் வர்க்கம் 60.6, காலம் சுமார் 7.8 விநாடி. அடியில் வேகம் 9.8 × 7.8 = 76 மீ/வி, அதாவது மணிக்கு 275 கி.மீ. அளவு.

தொடக்க வேகம் 0, இறுதி வேகம் 76. கூட்டி இரண்டால் வகுத்தால் 38. 38 × 7.8 = 296; தசமங்களைச் சுருக்காமல் கணக்கிட்டால் 297. கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது என்று சொன்ன வழி இங்கே எப்படிச் சரியானது? வேகம் சம காலங்களில் சம அளவு கூடுகிறது என்பதால்தான். சராசரி காலத்தின் அடிப்படையில் எடுக்கப்படுவதால் விதி மீறப்படவில்லை.

உண்மையில் அருவி நீர் 275 கி.மீ. வேகத்தில் விழுவதில்லை. காற்று தடுக்கிறது, நீர் துளிகளாகச் சிதறுகிறது. பெரிய மழைத்துளிகூட விநாடிக்கு 9 மீட்டர் அளவுக்கு மேல் வேகம் பெறுவதில்லை. அருவியின் சாரல் மிதப்பதுபோல் மெல்ல இறங்கக் காரணம் இதுதான். பாடப்புத்தகம் “காற்றின் தடையைப் புறக்கணிக்க” என்று எழுதும் மூன்று சொற்களுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

எவ்வளவு நேரம் மிச்சம்?

சூத்திரத்தில் வேகம் வகுக்கும் இடத்தில் இருப்பதால் வரும் ஒரு விளைவை, வண்டி ஓட்டும் வயதை நெருங்கும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 12 கி.மீ. தொலைவைக் கடக்க:

20 கி.மீ./மணி வேகத்தில் 36 நிமிடம்
40 வேகத்தில் 18 நிமிடம்
60 வேகத்தில் 12 நிமிடம்
80 வேகத்தில் 9 நிமிடம்

ஒவ்வொரு முறையும் வேகம் 20 கூடுகிறது. மிச்சமாகும் நேரமோ 18, பிறகு 6, பிறகு 3 நிமிடம் எனத் தேய்கிறது.

இனி வண்டியை நிறுத்தத் தேவைப்படும் தூரம். ஆட்டுக்குட்டி குறுக்கே வருவதைக் கண்டு பிரேக் மிதிக்க ஓட்டுநருக்கு 1 விநாடி ஆகிறது என்றும், உலர்ந்த சாலையில் பிரேக் விநாடிக்கு 5 மீ/வி வீதம் வேகத்தைக் குறைக்கிறது என்றும் கொள்க. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தை 2 × 5 = 10 ஆல் வகுத்தால் கிடைக்கும். 60 கி.மீ./மணி என்பது 16.7 மீ/வி: பிரேக் மிதிக்கும் முன் 16.7 மீட்டர், மிதித்தபின் 27.8, மொத்தம் 44.4 மீட்டர். 80 கி.மீ./மணி என்பது 22.2 மீ/வி: 22.2 + 49.4 = 71.6 மீட்டர். மூன்று நிமிட மிச்சத்துக்கு 27 மீட்டர் விலை.

இன்னொன்றும் பார்க்கலாம். 60இல் வந்தவர் சரியாக நின்றுவிட்ட அந்த 44.4ஆவது மீட்டரில், 80இல் வந்தவரின் வேகம் என்ன? அவர் முதல் 22.2 மீட்டரை பிரேக் மிதிக்காமலே கடந்துவிட்டார், அடுத்த 22.2 மீட்டரில்தான் வேகம் குறைகிறது. 22.2இன் வர்க்கம் 494. அதிலிருந்து 10 × 22.2 = 222 கழிய 272; அதன் வர்க்கமூலம் 16.5 மீ/வி. அதாவது மணிக்கு 59 கி.மீ. ஒருவர் நின்றுவிட்ட இடத்தில் மற்றவர் ஏறக்குறைய 60இல் மோதுகிறார்.

மலையிறக்கத்தில் நிலைமை இன்னும் கடினம். 15 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் புவியீர்ப்பு 9.8 ÷ 15 = 0.65 மீ/வி² அளவுக்கு பிரேக்குக்கு எதிராக இழுக்கும். 5 என்பது 4.35 ஆகிவிடும். 40 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் 12.3 மீட்டரில் நிற்கும் வண்டி, இறக்கத்தில் 14.2 மீட்டர் ஓடும், ஏற்றத்தில் 10.9 மீட்டரில் நின்றுவிடும். குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதி. சரிவில் நின்றுவிட்ட சுமை வண்டியை மீண்டும் ஏற்றத்தில் நகர்த்துவது கடினம் என்பதால் அந்த விதி. எனவே நிறுத்தும் பொறுப்பு இறங்குபவருக்கு, அவருக்கே நிறுத்தும் தூரமும் கூடுதல்.

பயிற்சிக் கணக்குகள்

1. ஒரு மாணவி மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்தால் பள்ளிக்கு 10 நிமிடம் தாமதமாகவும், 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் 5 நிமிடம் முன்னதாகவும் சேர்கிறார். பள்ளி எவ்வளவு தொலைவில் உள்ளது?

2. ஒரு பேருந்து தன் வழக்கமான வேகத்தில் நான்கில் மூன்று பங்கு வேகத்தில் சென்றதால் 20 நிமிடம் தாமதமானது. வழக்கமான பயண நேரம் என்ன?

3. 200 மீட்டர், 250 மீட்டர் நீளமுள்ள இரு ரயில்கள் முறையே 54, 36 கி.மீ./மணி வேகத்தில் அடுத்தடுத்த பாதைகளில் எதிரெதிரே வருகின்றன. ஒன்றையொன்று கடக்க எவ்வளவு நேரம்?

4. மலைமேல் மின்னல் தெரிந்து 9 விநாடி கழித்து இடி கேட்டது. மின்னல் எவ்வளவு தொலைவில்? (ஒலியின் வேகம் 340 மீ/வி.)

5. ஒரு கார் பாதித் தொலைவை 40 கி.மீ./மணி வேகத்திலும் மீதியை 60 வேகத்திலும் கடக்கிறது. சராசரி வேகம் என்ன? பாதி நேரம் 40, பாதி நேரம் 60 என்றால் என்ன?

விடைகள்

1. இரு பயண நேரங்களின் வேறுபாடு 15 நிமிடம், அதாவது 1/4 மணி. ஒரு கிலோமீட்டருக்கு 4இல் 15 நிமிடம், 5இல் 12 நிமிடம். வேறுபாடு 3 நிமிடம். 15 ÷ 3 = 5 கி.மீ.

2. வேகம் 3/4 ஆனால் காலம் 4/3. கூடிய 1/3 பங்கு 20 நிமிடம். எனவே வழக்கமான நேரம் 60 நிமிடம்.

3. வேகங்களின் கூட்டல் 90 கி.மீ./மணி = 25 மீ/வி. 450 ÷ 25 = 18 விநாடி.

4. 340 × 9 = 3060 மீட்டர், சுமார் 3 கி.மீ. ஒளி வந்துசேரும் நேரம் மிகச் சிறியது என்பதால் கணக்கில் சேர்ப்பதில்லை.

5. பாதித் தொலைவானால் 48 கி.மீ./மணி, பாதி நேரமானால் 50 கி.மீ./மணி.